இருபத்தைந்து எழுத்து தொலைந்த கதை

போன டிசம்பரில் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா பையன். அந்த நேரத்தில் போன் வந்தால் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நம்மைப் போன்றவர்களுக்கு முதலில் தோன்றும். எடுத்தவுடன் கேட்டேன், "யாருக்குடே என்ன?"

"எனக்குத்தான் அண்ணே. ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட் வந்துட்டு. பெரியப்பாவுக்கு இருந்தது எனக்கும் இருக்கு போல. ஏழு மடங்கு ரிஸ்க்குன்னு நெட்ல போட்டிருக்கான்."

எங்கள் பெரியப்பா 1986-ல் போனார். வயது 42. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில், நகர ஆரம்பித்த பஸ்ஸை ஓடிப் பிடித்து ஏறினார், உட்கார்ந்தார், அப்படியே சரிந்துவிட்டார். குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் திருவனந்தபுரத்தில் பார்த்தபோது 'இதயத்துச் சதை தடிச்சிருக்கு' என்று சொல்லியிருந்தார்கள். தாத்தாவும் நாற்பதைத் தாண்டியதும் வயலில் வைத்து இதே மாதிரி போனவர்தான். "அந்தக் குடும்பத்து ஆம்பளையளுக்கு நெஞ்சு வலு கிடையாது" என்று ஊரில் சொல்வார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

தம்பியை எப்படியோ சமாதானம் செய்து தூங்கச் சொல்லிவிட்டு நான் தூங்காமல் படிக்க உட்கார்ந்தேன். பிறகு பல வாரம் படித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். ஆனால் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. தம்பியின் ரிப்போர்ட்டில் இருந்த அந்த ஒற்றை வரிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. திருவனந்தபுரம், மதுரை, ஹைதராபாத், இங்கே அமெரிக்கா, கடைசியில் இங்கிலாந்து என்று சுற்றி வருகிற சரித்திரம். அது தெரியாமல் அந்த வரியைப் படித்தால் யாருக்கும் பயம்தான் வரும்.

*

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் சென்னையோ மதுரையோ இல்லை, திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் நோய் வந்தால் பஸ் மேற்கே பார்த்துத்தான் போனது.

அங்கே 1973-ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் ஒரு பெரிய கட்டிடத்தைப் பொதுமக்களுக்கு மருத்துவமனைக்கென்று கொடுத்தது. கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள் பெயரில் அமைந்த அந்த மருத்துவ மையம் 1976-ல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியது. 1980-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. ஊரில் நாம் 'ஸ்ரீ சித்ரா' என்று சொல்வது அதைத்தான். அதை வளர்த்தெடுத்த இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான் 2024-ல் காலமானார். அவருடைய குழு பூஜப்புரையில் பழைய சாடல்மண்ட் அரண்மனையில் உட்கார்ந்து செய்த செயற்கை இதய வால்வை 1990 டிசம்பர் 6-ல் முதல்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத எத்தனையோ பேருக்கு அதுதான் உயிர் கொடுத்தது.

வால்வு கதை நம்மில் பலருக்குத் தெரியும். அதிகம் தெரியாதது, அந்த ஊர் டாக்டர்கள் இதயத் தசை நோய்களோடு மல்லுக்கட்டிய கதை.

அவர்கள் முன் முதலில் வந்து நின்றது பரம்பரை நோய் இல்லை. இதயத்தின் உள்சுவர் நார் பாய்ந்து இறுகிப் போகும் ஒரு நோய். 1948-ல் உகாண்டாவின் கம்பாலாவில் டேவிஸ் என்ற மருத்துவர் விவரித்தது. அதே நோய் ஆயிரக்கணக்கான மைல் தள்ளிக் கேரளக் கரையில், அதுவும் ஏழை வீட்டுப் பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் நிறையத் தெரிந்தது. ஏன் இந்த இரண்டு இடத்திலும்? வலியத்தான் மண்ணைப் பார்த்தார். எங்கள் மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் பக்கம் சவறையிலும் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. (1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்!) அந்த மணலில் உள்ள சீரியம் என்ற உலோகமும், சாப்பாட்டில் மெக்னீசியம் போதாமல் போவதும் சேர்ந்து இதயத்தைக் கெடுக்கிறதோ என்பது வலியத்தானின் யோசனை. அது முழுசாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் கேரளத்தில் வாழ்க்கைத் தரம் உயர உயர அந்த நோய் குறைந்துகொண்டே வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'இதயத் தசை நோய்' என்ற ஒரே பெயருக்குள் மண்ணாலும் வறுமையாலும் வருவதும் இருக்கிறது, ரத்த வழியாக வருவதும் இருக்கிறது. பெரியப்பாவுக்கு வந்தது இரண்டாவது வகை. காரணமே இல்லாமல் இதயச் சுவர் தடித்துப் போகும். ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்று பெயர். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலானோர் முழு ஆயுசும் இருக்கிறார்கள். சிலருக்குத்தான் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி உயிர் போகிறது.

*

இந்த நோயை நவீன மருத்துவம் சரியாக அடையாளம் கண்டது 1958-ல். லண்டனில் டொனால்ட் டியர் என்ற சவப்பரிசோதனை மருத்துவர், இதயச் சுவர் ஒரு பக்கமாகத் தடித்திருந்த எட்டு இளவயதுக்காரர்களைப் பற்றி எழுதினார். 1961-ல் கனடாவின் கியூபெக்கில், தலைமுறை தலைமுறையாக இளவயதுச் சாவுகள் நடந்த ஒரு பெரிய குடும்பத்தை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களின் முன்னோரும் பிரான்சிலிருந்து கப்பலேறிப் போன புலம்பெயர்ந்தவர்கள்தான். ஆக, பெட்டி படுக்கையோடு வேறு சிலவும் நம்முடன் கப்பலேறுகின்றன.

அந்தக் கியூபெக் குடும்பத்தின் ரத்தத்தை வைத்து ஹார்வர்டில் கிறிஸ்டின் சைட்மன், ஜோனதன் சைட்மன் தம்பதியின் குழு 1989-ல் கோளாறு 14-ஆம் குரோமோசோமில் இருப்பதாகக் காட்டியது. அடுத்த வருஷமே, இதயத் தசையைச் சுருங்கவைக்கும் மயோசின் புரதத்தின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1995-ல் இரண்டாவது முக்கியமான மரபணு, அந்த மயோசினைப் பிடித்து நிறுத்தும் புரதத்துக்கானது, சிக்கியது. எம்.ஒய்.பி.பி.சி.3 என்று வாயில் நுழையாத பெயர். தம்பியின் ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான்.

நம்ம ஊர்க் கதை இங்கேதான் நுழைகிறது. ஸ்ரீ சித்ராவின் இதய மருத்துவர் ஜெகன்மோகன் தரகன், மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தின் ராஜமாணிக்கம், ஜெர்மனியில் பாட் நௌஹைம் ஊரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஃபோஸ்பெர்க் ஆகியோரும் அவர்களின் சகாக்களும் சேர்ந்து, பரம்பரையாக இந்த நோய் உள்ள இந்தியக் குடும்பங்களின் மரபணுக்களைப் படித்தார்கள். 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டவற்றில் ஒன்று, எம்.ஒய்.பி.பி.சி.3-ல் 25 எழுத்துகள் மொத்தமாகக் காணாமல் போயிருப்பது. நோயாளியிடம் இப்படி ஒன்றைக் கண்டால் 'பிடித்துவிட்டோம் திருடனை' என்றுதான் தோன்றும். ஆனால் நோயில்லாத இந்தியர்கள் பலரிடமும் அதே 25 எழுத்து இல்லை! இது நம் பகுதியில் பரவலாக உள்ள ஒரு வேறுபாடாக இருக்கலாம் என்று அப்போதே எழுதிவைத்தார்கள்.

பொட்டி தட்டுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த 25 எழுத்தும் புரதத்தைக் கட்டும் பகுதியில் இல்லை, நடுவில் வரும் 'இன்ட்ரான்' பகுதியில் இருக்கிறது. நிரலில் நாம் எழுதும் கமெண்ட் வரி மாதிரி. கமெண்ட்டை அழித்தால் நிரல் ஓடும் என்று நினைப்போம். எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்பும் சில சமயம் அதற்குள் இருந்துவிடும், அதுதான் வம்பு.

*

அடுத்த கட்டம் 2009. மதுரையில் ஆராய்ச்சியைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோர் இருந்த பெரிய பன்னாட்டுக் குழு, 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. 800 இதய நோயாளிகளையும் 699 நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். 25 எழுத்து குறைந்தவர்கள் நோயாளிகளிடையே பல மடங்கு அதிகம். தம்பி சொன்ன 'ஏழு மடங்கு' இங்கிருந்து வந்ததுதான். பிறகு இந்தியா முழுக்க 107 இனக்குழுக்களிலிருந்து 6,273 பேரைச் சோதித்தார்கள். சுமார் நூற்றுக்கு நான்கு பேரிடம் இது இருந்தது. பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, இந்தோனேசியாவிலும் உண்டு. மற்ற நாட்டவரிடம் அவர்கள் பார்த்தவரை இல்லை. சுமார் 33,000 வருஷம் பழையது என்று கணக்கிட்டார்கள்.

இவ்வளவு கெட்டது எப்படி இவ்வளவு காலம் பிழைத்தது? இளவயதில் உடம்பு அந்தக் கோளாறான புரதத்தை அப்புறப்படுத்திவிடுகிறது, வயதாக ஆகத்தான் தேங்குகிறது, அதற்குள் பிள்ளை குட்டி பிறந்துவிடுகிறது என்றார்கள். நன்றாகத்தான் பொருந்தியது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் 'ஆறு கோடி இந்தியர் நெஞ்சில் ஆபத்து' என்கிற தோரணையில் எழுதின. அந்தச் செய்திகள் இன்னும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. நள்ளிரவில் தேடுகிறவன் கண்ணில் முதலில் படுவதும் அவைதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மதுரையில் படித்து அமெரிக்கா வந்த சக்திவேல் சடையப்பன், அப்போது சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் இருந்தவர், அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களைச் சோதித்தார். ஆமாம், உங்களையும் என்னையும் போன்றவர்களை. 2018-ல் முடிவு வந்தது. சுமார் ஆறு சதவீதம் பேரிடம் 25 எழுத்து இல்லை. ஆனால் அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்து இருந்தது. இதயத்தின் இயக்கத்தில் வித்தியாசம் தெரிந்தது அந்த இரண்டும் உள்ளவர்களிடம்தான்.

2020-ல் ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்ட குழு இன்னும் ஒரு படி போனது. 25 எழுத்து குறைந்தவர்களில் ஒரு சின்னப் பிரிவினரிடம், அதே மரபணுவில் வேறோர் இடத்தில் ஜி என்ற ஒரே ஒரு எழுத்து ஏ என்று மாறியிருந்தது. அவர்களை ஒதுக்கிவிட்டு மீதிப் பேரைக் கணக்குப் பார்த்தால், 25 எழுத்துக் குறைக்கும் தசைத் தடிப்பு நோய்க்கும் இருந்த உறவு காணாமல் போய்விட்டது!

அதாவது, திருடன் வந்த பஸ்ஸிலேயே இவனும் வந்திருக்கிறான். திருடு நடந்த ஊரில் எல்லாம் இவன் முகம் தெரிந்ததால் இவனையே பிடித்து வைத்திருந்தோம்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. 2009-ல் அவர்கள் பார்த்த கணக்கு அவர்கள் கையில் இருந்த சான்றுக்குச் சரிதான். பக்கத்து எழுத்துகளையும் ஒட்டுமொத்தமாகப் படிக்கும் வசதி பிற்பாடு வந்தது. வயதான பிறகு இதயம் பலவீனமாவதில் இந்தக் குறைக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியையும் இன்னும் மூடிவைக்கவில்லை. இது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. கறுப்பின அமெரிக்கர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் சில மாற்றங்களை, அவர்களைப் போதுமான அளவு சோதிக்காததால், இதே நோய்க்குக் காரணம் என்று பல வருஷம் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள் என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. தரவில் நம் ஆட்கள் இல்லையென்றால் ரிப்போர்ட்டிலும் நமக்கு நியாயம் கிடைக்காது.

*

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

தம்பி ஏன் சோதனைக்குப் போனான்? ஊரில் பெரியப்பா மகள், எங்கள் அக்காவுக்கு, போன வருஷம் எக்கோ எடுத்தபோது சுவர் லேசாகத் தடித்திருந்தது. 'ரத்த சம்பந்தம் உள்ள எல்லோரும் ஒரு எக்கோ, ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்' என்று டாக்டர் சொன்னார். நம்மாள் எக்கோவை விட்டுவிட்டு நேராக மரபணுச் சோதனைக்குப் போய்விட்டான். அங்கேதான் தப்பு. இந்தச் சோதனையை நோய் இருப்பவரிடம் முதலில் செய்ய வேண்டும். அவரிடம் உறுதியான காரணம் கிடைத்தால், அந்த ஒன்று மட்டும் மற்றவர்களிடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. வராத பிள்ளை நிம்மதியாக இருக்கலாம். நோய் இல்லாதவன் முதலில் போய்ச் செய்துகொண்டால் இப்படி 25 எழுத்தைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவில் அழ வேண்டியதுதான்.

ஆனால் அக்காவைச் சோதனைக்குச் சம்மதிக்க வைப்பது லேசாக இல்லை.

"பிள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கியோம். இப்பம் போயி எழுத்துல எழுதி வாங்கணுமா மக்கா?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவள் பயம் பொய்யில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு 'பாதிக்குப் பாதி' என்ற கணக்கு புரியாது, 'அந்த வீட்டில் நெஞ்சுக் கோளாறு' என்பது மட்டும் புரியும். ஜாதகம் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் பதினொன்றாவதாக இதையும் சேர்த்துவிடுவார்கள்.

இங்கேயும் சட்டம் எல்லாவற்றையும் காப்பாற்றுவதில்லை. அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டப்படி மரபணு ரிப்போர்ட்டைக் காட்டி மருத்துவக் காப்பீட்டையோ வேலையையோ மறுக்க முடியாது. ஆனால் ஆயுள் காப்பீடு அதற்குள் வராது. ஆயுள் காப்பீடு எடுப்பதாக இருந்தால் எதை முதலில் செய்வது என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில், இதே தசைத் தடிப்பு நோய் உள்ள ஒருவருக்கு 'இது மரபணு நோய்' என்று சொல்லிக் காப்பீட்டுப் பணம் மறுக்கப்பட்ட வழக்கில், 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் நோயாளி பக்கம் தீர்ப்பளித்தது. மரபணு நோய் எல்லாவற்றையும் மொத்தமாக விலக்கிவைக்கும் நிபந்தனை செல்லாது என்றார் நீதிபதி பிரதிபா எம். சிங். அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அந்தக் காரணம் காட்டி கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்குச் சொன்னது.

அக்காவைக் கடைசியில் மாற்றியது நானோ சட்டமோ இல்லை, பெரியம்மா. எண்பதைத் தாண்டியவள். போனை வாங்கி, "மக்கா, எங்ககிட்ட அன்னைக்கு ஓடாதேன்னு ஒருத்தராவது சொல்லியிருந்தா உங்க பெரியப்பா அந்த பஸ்ஸ விட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வந்திருப்பாவ. இவ பண்ணிக்கிடட்டும்" என்றாள். நாற்பது வருஷத்தில் அவள் அந்த நாளைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்காவின் ரிப்போர்ட் மார்ச்சில் வந்தது. உறுதியான காரணம் எதுவும் கிடைக்கவில்லை. இந்த நோய் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு இன்றும் அப்படித்தான், மரபணு பிடிபடுவதில்லை. 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்றால் 'ஒன்றும் இல்லை' என்று அர்த்தம் இல்லை, அதனால் குடும்பம் முழுக்க எக்கோதான் வழி என்றார் டாக்டர். எடுத்தோம். இங்கே, ஊரில், துபாயில், சிங்கப்பூரில் என்று பதினான்கு பேர். தம்பியின் இதயம் சாதாரணமாக இருக்கிறது. சில வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னுடையதும் சரி. ஆனால் இன்னொரு அண்ணன் மகன், பத்தொன்பது வயது, கல்லூரிக் கால்பந்து அணியில் இருப்பவன், அவனுக்குச் சுவர் தடித்திருக்கிறது. இப்போது மருந்து, கண்காணிப்பு. போட்டி ஆட்டத்தை நிறுத்திவைத்திருக்கிறான். என்மேல் கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறான். பரவாயில்லை, கோபப்பட ஆள் இருக்கிறானே.

பெரியப்பா காலத்தில் இல்லாதது இன்று நிறைய இருக்கிறது. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு நெஞ்சில் வைக்கும் அதிர்ச்சிக் கருவி இருக்கிறது. சிலருக்கு, நோயின் வேரான மயோசினையே தணிக்கும் மாத்திரை 2022 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. ஆனால் இதெல்லாம் நோய் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை ஊருக்கு போன் பேசும்போது, குடும்பத்தில் ஐம்பதுக்குள் திடீரென்று போனவர்கள் யார் யார், எப்படிப் போனார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தப் பட்டியலைத்தான். அதை எந்த லேபும் எடுத்துத் தராது. பெரியம்மா மாதிரி யாராவது இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பி.கு.: தம்பி அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடப் போனான், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இருபது வருஷத்தில் மூன்று தடவை அர்த்தம் மாறிய வரி அது. நான்காவது தடவை மாறினால் எடுத்துப் பார்க்க வேண்டாமா?